மூக்கைப் பிடிக்கும் விளையாட்டு

பஸ்ஸில் வெளிநாடு போகிறவர்களை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. உடனே கோபப்பட வேண்டாம். முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.

நாங்கள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்கள். தாத்தா தண்டவாளம் போட்டவர், அப்பா சிக்னல் அறையில் இருந்தவர். நானோ காப்புறுதி ஆபீஸில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவன். ரயிலுக்காக ஓர் ஆணிகூட அடித்ததில்லை. ஆனால் ரயில்காரன் என்ற திமிர் மட்டும் குறையாமல் வந்து சேர்ந்துவிட்டது.

என் மனைவி பண்டமாரானில் பிறந்தவள். பெண் பார்க்கப் போன அன்று, அவளுடைய அண்ணன் என்ன செய்கிறார் என்று கேட்டோம். "டிரான்ஸ்போர்ட் லைன்" என்றார்கள். பத்துப் பதினைந்து லோரி வைத்திருப்பார் போலிருக்கிறது என்று என் அம்மா மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பஸ் ஓட்டுகிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மா அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

பஸ் பயணம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். படிக்கிற காலத்தில் இரண்டு முறை போயிருக்கிறேன், ஆயுளுக்கும் போதும். ஏசியில் உறைய வைப்பார்கள், ஆளாளுக்குப் போர்த்திக்கொண்டு வாயைப் பிளந்து தூங்குவார்கள். ஒருவர் காலணியைக் கழற்றுவார். இன்னொருவர் நெத்திலி சம்பலோடு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பார். எல்லையில் அத்தனை பேரையும் மூட்டை முடிச்சோடு இறக்கிவிட்டு, கோழிக்குஞ்சுகளைப் போல மறுபடி எண்ணி ஏற்றுவார்கள். இதற்குப் பெயர் வெளிநாட்டுப் பயணமாம்.

எங்களுக்கு ஒரே மகள், ஆறு வயது. அவளுக்கும் எனக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. நெடுஞ்சாலையில் பெரிய பஸ் ஏதாவது எங்கள் காரைத் தாண்டினால் நான் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். பின் சீட்டில் அவளும் பிடித்துக்கொள்வாள். முதலில் கையை எடுப்பவர் தோற்றவர். மூச்சு முட்டிச் சிரிப்பாள். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவளும் ரசிக்கிறாள் என்றே நினைத்தேன்.

போன பள்ளி விடுமுறைக்குச் சற்று முன்பு, சிங்கப்பூரில் இருக்கும் மனைவியின் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. கூடமாட உதவிக்கு மனைவி முன்னால் போனாள், அண்ணன் பஸ்ஸில்தான். விடுமுறை விட்டதும் மகளை நான் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அம்மாவைப் பார்க்காமல் இரண்டு வாரம் ஓடியிருந்தது. சாயங்காலம் ஆனால் பிள்ளை அழத் தொடங்கிவிடும்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் மச்சான் போன் செய்தார்.

"மாப்ள, பாப்பாவுக்கு முன்னாடி சீட் எடுத்து வச்சிருக்கேன். ரோடு ஃபுல்லா தெரியும். காலையில எட்டு மணி பஸ், நான்தான் ஓட்டுறேன்."

"இல்ல மச்சான், நாங்க டிரெயின்ல போறோம்."

"டிரெயின் ஜேபி வரைக்கும்தான்லா போகும். லீவு டைம் வேற. சின்ன பிள்ளைய வச்சிக்கிட்டு அங்க எறங்கி மாறணும் மாப்ள."

"நான் பாத்துக்கறேன்."

"பாப்பா ஒரு தடவகூட மாமா பஸ்ல ஏறுனதில்ல" என்றார். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லையே என்று நான் போனை வைத்துவிட்டேன்.

ரயில் பயணம் நான் நினைத்தபடியே இருந்தது. வீட்டிலிருந்து நடந்தே ஸ்டேஷனுக்குப் போனோம். பிள்ளை படம் வரைந்தாள், தூங்கினாள், நினைத்தபோது கழிவறைக்குப் போனாள். "மாமா பஸ் இப்ப எங்கப்பா இருக்கும்?" என்று கேட்டாள். "எங்கயாவது லோரிக்குப் பின்னாடி நிக்கும்" என்றேன். இருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டோம்.

ஜேபி என்கிற ஜோகூர் பாருவில், எல்லைக்கு இந்தப் பக்கம், இறங்கியபோதும் தலை நிமிர்ந்துதான் இருந்தது. அங்கிருந்து பாலத்தைக் கடக்கிற சின்ன ரயிலில் ஏறினால் ஐந்தே நிமிடம், அக்கரையில் சிங்கப்பூர். கவுண்டருக்குப் போய் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்றேன். "ஹாபிஸ், அங்கிள்" என்றாள் அந்தப் பெண். தீர்ந்துவிட்டது. இன்றைக்கா என்றேன். இந்த வாரம் முழுக்க என்றாள். விடுமுறைக் காலத்தில் அந்த டிக்கெட்டை ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுவார்களாம், ஊருக்கே தெரியுமாம். சிக்னல்காரர் மகனுக்குத் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது பாலத்தில் ஓடும் டவுன் பஸ். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றோம். ஏறினால் நிற்கத்தான் இடம். பிள்ளையின் முகம் யாரோ ஒருவருடைய தோள்பைக்கும் இன்னொருவருடைய இடுப்புக்கும் நடுவில் நசுங்கியது. தொழிற்சாலைச் சீருடையில் இருந்த ஒருவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார். அவருக்கு நன்றி சொன்னேனா என்று இப்போதும் ஞாபகம் வரவில்லை. சொல்லியிருக்க மாட்டேன். பஸ் பாலத்தின் நடுவில் அசையாமல் நின்றது. "அம்மாகிட்ட போணும்" என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

அப்போது மனைவி போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"பாலத்துல."

"டிரெயின்லயா?"

"பஸ்ல."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "அண்ணனும் அங்கதான் ஜேம்ல நிக்கிறாரு. இந்தப் பக்கம் உட்லண்ட்ஸ்ல செக்கிங் முடிச்சிட்டு கீழ வாங்க, அவர நிக்கச் சொல்றேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

சோதனை முடிந்து படியிறங்கியபோது மச்சான் தன் பஸ் வாசலில் நின்றிருந்தார். அவருடைய பயணிகளும் அப்போதுதான் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். யாரோ ஒரு ஆன்டியின் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு நிமிர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து, "வாடா தங்கம்!" என்று பிள்ளையின் எதிரில் குனிந்தார்.

அவள் அழுகையை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் நின்ற பெரிய பஸ்ஸைப் பார்த்தாள். கண்ணில் நீர் காயாமலே சிரித்துக்கொண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

விரித்த கை அப்படியே நின்றது. மச்சான் கழுத்தைத் திருப்பித் தன் தோள்பட்டையை மோந்து பார்த்தார். இரண்டடி பின்னால் போனார். "காலையில குளிச்சிட்டுத்தான்லா வந்தேன் பாப்பா" என்றார்.

"நீங்க இல்ல மாமா, பஸ்ஸு! பஸ்ஸப் பாத்தா புடிக்கணும். நானும் அப்பாவும் எப்பவும் வெளாடுவோம். நீங்களும் புடிங்க!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. முறைத்திருந்தால், நான்கு பேர் எதிரில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எனக்கும் சொல்வதற்கு ஏதாவது கிடைத்திருக்கும். "ஏறுங்க மாப்ள, டைம் ஆச்சு" என்று மட்டும் சொன்னார், எப்போதும் போல மரியாதையாக.

முதல் வரிசை சீட் இரண்டும் காலியாகவே வந்திருந்தன. ஜன்னலோர சீட்டில் பிள்ளைக்கென்று வாங்கிய ஒரு சின்னத் தலையணை, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. பஸ்ஸில் ஒரு நாற்றமும் இல்லை. சாமி படத்துக்கு மல்லிகைச் சரம் போட்டிருந்தார், தரையை ஈரத்துணியால் துடைத்திருந்தார். என் மகள் தலையணையைக் கட்டிக்கொண்டு, "அப்பா, ரோடு ஃபுல்லா தெரியுது!" என்று கத்தினாள். விளையாட்டை அவள் அப்போதே மறந்துவிட்டாள்.

பஸ் கிளம்பியது. ஏசி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் தன் பக்கத்துச் சின்ன ஜன்னலை முழுவதுமாகத் திறந்துவிட்டார். மத்தியான வெயிலும் புகையும் முகத்தில் அடிக்க, கடைசி நிறுத்தம் வரை அதை மூடாமலே ஓட்டினார்.