மேடைப் பக்கத்து பாக்ஸ்

என் அக்காவுக்குக் கதை கட்டத் தெரியாது. அவள் கட்டிட இன்ஜினியர். சுவரில் விரிசல் என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கிற ஆள். சில வருடங்களுக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். அந்த விபத்தையே இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் இதைச் சொல்லும்போது குரல் நடுங்கியதை நான் கேட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவளுக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நூறு வருடத்துக்கும் மேல் பழைய நாடக அரங்கம் அது. மதியக் காட்சி, சிரிப்பு நாடகம். அக்காவும் அவள் வீட்டுக்காரரும் போயிருந்தார்கள். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். முன்வாசலில் ராஜா இறங்கி வருவதற்காகக் கட்டியது போல அகலமான படிக்கட்டு. அக்காவைப் பின்பக்கச் சந்து வழியாக வரச் சொன்னார்கள்.

"கதாநாயகி என்ட்ரி எப்பவுமே குப்பைத் தொட்டி பக்கம்தான்," என்று சிரித்தாளாம்.

டிக்கெட் கிழிக்கிற மீசைக்காரர் உள்ளே அழைத்துப் போனார். குறுகலான நடை. அதன் முடிவில் செங்குத்தாக மூன்று படி. அதன் மேல் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு அவளை ஏற்றினார். மேடையை ஒட்டி, தனியாக உட்கார்ந்து பார்க்கிற சின்ன பாக்ஸ் அது. முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு. கம்பிக்குக் கீழே வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம். அன்றைக்கு வாத்தியம் கிடையாது. பள்ளம் காலியாக, இருட்டாகக் கிடந்தது.

"இங்க ஒரு வண்டிக்குத்தான் இடம்மா. சாருக்கு மாடியில சீட்டு."

"சரி, பலகையை அப்படியே விட்டுட்டுப் போங்க."

"நடையில கிடந்தா யாராவது தடுக்கி விழுவாங்கம்மா. இடைவேளைக்கு வந்து போட்டுடறேன்."

சர்ர்ர்... என்று பலகை இழுபடும் சத்தம். பிறகு கதவு. டக்.

பின்னால் மூன்று படி. முன்னால் கம்பி.  அக்கா பிரேக் போட்டாள். இடுப்பு பெல்ட்டை மாட்டினாள். போன் இருந்த கைப்பை நாற்காலியின் முதுகில் தொங்கியது. விளக்குகள் அணைந்தன.

நாடகம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கீழே... கிரீச். டயர் மரத்தரையில் தேயும் சத்தம். குனிந்து பார்த்தாள். கம்பிக்கும் நாற்காலியின் கால்பலகைக்கும் நடுவில் ஒரு முழம் இடம் விட்டுத்தான் நிறுத்தியிருந்தாள். இப்போது ஒரு சாண் இருந்தது.

தரை சரிவோ என்றுதான் முதலில் தோன்றியது. இன்ஜினியர் புத்தி. சட்டைப் பையில் இருந்த உருண்டை மிட்டாயை எடுத்துத் தரையில் போட்டாள். அது இரண்டு குதி குதித்து நின்றது. உருளவில்லை. தரை சமம்.

கிரீச்...

பிரேக்கைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் போட்டது போட்டபடி இருந்தன.

அப்போதுதான் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. வயதானவர்கள் படி ஏறி வந்து வாங்குவது போன்ற மூச்சு. கூடவே, முதுகுச் சாய்வின் இரண்டு பக்கமும் யாரோ இறுக்கிப் பிடித்த அழுத்தம். இடுப்புக்குக் கீழேதான் அவளுக்கு உணர்ச்சி இல்லை. முதுகில் உண்டு. பத்து விரலும் தெரிந்தது.

அவள் நாற்காலிக்குப் பிடியே கிடையாது. கேட்காமல் கொள்ளாமல் யாராவது தள்ளுகிறார்கள் என்று அறுத்து எடுக்கச் சொல்லிவிட்டாள். அதைப் பின்னால் இருந்து பிடிக்கிற பழக்கம் வீட்டில்கூட யாருக்கும் இல்லை.

"யாரு?"



கிரீச்... கால்பலகை கம்பியில் இடித்தது. ணங்.

போன். போனை எடுத்தால் போதும். மாமாவைக் கூப்பிடலாம். கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பைக்காகத் துழாவினாள். பை கிடைக்கவில்லை. சொரசொரப்பான துணி ஒன்று கையில் பட்டது. சட்டைக் கை. அதற்குள்ளே ஒரு மணிக்கட்டு. ஐஸ் மாதிரி...

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வாய்விட்டுக் கத்தினாள். அதே நொடியில் மேடையில் யாரோ ஏதோ சொல்ல, அரங்கமே கொல்லென்று சிரித்தது. அவள் கத்தல் சிரிப்போடு சிரிப்பாகப் போயிற்று.

மறுபடி கத்தினாள். மறுபடி சிரிப்பு.

முழங்கால் கம்பியில் நெரிந்தது. கம்பி முனகியது. பள்ளம் நேர் கீழே தெரிந்தது.

"தள்ளாதீங்க... உங்களுக்குப் புண்ணியமாப் போகும், தள்ளாதீங்க..."

காதுக்குப் பக்கத்தில் ஆண் குரல்.

"நான் தள்ளலம்மா."

அழுதுவிட்டாள். இனி ஒரே வழிதான். பிரேக்கை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். பிரேக்கில் கை வைத்தாள்.

"எடுக்காத."

கை அப்படியே நின்றது.

பின்சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பின... நாற்காலி முன்னால் கவிழ்ந்தது... கம்பியின் மேல் அவள் நெஞ்சு...

டொம்.

யாரோ அழுத்திக் கீழே வைத்தார்கள்.

மறுபடி கிளம்பியது.

டொம்.

மறுபடி...

விளக்குகள் எரிந்தன. இடைவேளை.

மீசைக்காரர் கதவைத் திறந்தபோது அக்கா கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரும் இல்லை. தரையில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு இரண்டு. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பின்னாடி யாராவது நின்னாங்களாம்மா?"

அக்கா தலையாட்டினாள்.

"பயப்படாதீங்க. எனக்கு முன்னாடி இதே வேலைல இருந்து செத்துப்போனவரு. இங்க நாங்க எல்லாரும் அவரைப் பாத்திருக்கோம். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணினதில்ல."

"என்னைத் தள்ளிவிடப் பாத்தாரு!"

 மீசைக்காரர் பலகையைப் போட்டு இறக்கிவிட்டார்.  மாமா ஓடி வந்தார். மீதி நாடகத்தைப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமா அவள் காலைப் பரிசோதித்தார். தினமும் செய்வதுதான். உணர்ச்சி இல்லாத கால். எங்கே சிராய்த்தாலும் கிழித்தாலும் அவளுக்குத் தெரியாது. யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

சாக்ஸைக் கழற்றியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு கணுக்காலிலும் கன்றிப்போன விரல் தடங்கள். நுனிகள் அழுந்தியிருந்தது பின்பக்கம், குதிகாலுக்கு மேலே. முன்னால் இருந்து பிடித்து இழுத்தால்தான் அப்படி அழுந்தும்.

முன்னால் இருந்தது கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க இடமே கிடையாது.