மண்மேட்டில் கிடைத்த கடுக்கன்

மில்லுக்கு லீவு விட்டால் சத்தியமங்கலம் பஸ் ஏறிவிடுவேன். அங்கே மலையடியில், எப்போதோ மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் மேடு மேடாகக் கிடந்தது. அதை மரத்தட்டில் அள்ளி ஓடைத் தண்ணீரில் அலசுவேன். கடுகில் பாதி அளவு பொன் மின்னினாலே அன்றைக்குப் பசி தெரியாது.

மோர் விற்கும் ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்காருவாள். தலை நரைத்தவள். சுரங்கம் சரிந்தபோது உள்ளே இருந்த அவள் புருஷனின் உடல் கிடைக்கவேயில்லை. அதனால் அவள் தாலியைக் கழற்றவில்லை. சரிந்த மண்ணையும் வாரி அந்த மேட்டில்தான் கொட்டியிருந்தார்கள்.

"மண்ண அலசறதுக்கு மோரக் கடைஞ்சாலும் வெண்ணெயாச்சும் வருமுங்க," என்று கேலி செய்வாள்.

ஒருநாள் தட்டின் அடியில் ஆண்கள் போடும் சிவப்புக்கல் கடுக்கன் ஒன்று தங்கியது. யோசிக்காமல் அவளிடம் நீட்டிவிட்டேன். திருப்பிப் பார்த்தாள். வளைந்திருந்த கொக்கியைக் கட்டைவிரலால் வெகுநேரம் தடவினாள்.

"இது அவிங்களுது இல்லீங்க," என்றாள்.

ஆனால் திருப்பித் தரவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"இனி இந்த மேட்ட அலசாதீங்க, கண்ணு."

தட்டில் மீதியிருந்த மண்ணை மேட்டிலேயே கொட்டினேன். அதில் பொன் இருந்ததா என்று பார்க்கவில்லை.