சந்திரகலா கட்டிய ஸ்டாண்டு ஆடாது

வில்லியனூர் சாலையில் மூலக்குளம் தாண்டினால் மூடிப்போன ஐஸ் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் பின்புறக் காலி மனையில் ஞாயிறுதோறும் பத்துப் பதினைந்து பெரிய மனிதர்கள் கூடி, ஏர்கன்னால் காகிதத்தைச் சுடுகிறார்கள். இதற்குச் சங்கம் என்று பெயர். சுற்றுச்சுவர் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, கழிப்பறை கிடையாது. தலைவர், செயலாளர், தீர்மானப் புத்தகம் மூன்றும் உண்டு. சுடுகிற மேசைகளிலிருந்து பத்து மீட்டர் தள்ளி ஆறு ஸ்டாண்டுகள், அவற்றுக்குப் பின்னால் செம்மண் மூட்டைகள். அந்த ஸ்டாண்டுகளைக் கட்டியவள், சாய்ந்தால் நிமிர்த்துகிறவள், மழைக்கு மூடுகிறவள், பேப்பர் மாட்டுகிறவள், திட்டு வாங்குகிறவள் எல்லாம் சந்திரகலா.

திட்டு வாங்குவதுதான் இதில் முழுநேர வேலை. அவள் வந்த இந்த ஒன்பது வருஷத்தில் அந்த மனையில் ஒருத்தருக்கும் குறி தவறியதில்லை. ஸ்டாண்டுதான் ஆடியிருக்கிறது. கண்புரை முற்றியவருக்கும் ஸ்டாண்டு ஆடியது. முதல் நாள் ராத்திரி விசேஷத்துக்குப் போய்விட்டு வந்து கை நடுங்கியவருக்கும் ஸ்டாண்டு ஆடியது. துப்பாக்கியில் குண்டே போடாமல் விசையை அழுத்திவிட்டு, பேப்பரில் ஓட்டையைக் காணோமே என்று ஸ்டாண்டைச் சந்தேகித்த உறுப்பினரும் உண்டு.

சங்கம் இரண்டு பாதி. ஒரு பாதி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஊரில் சொல்தாக்கள் என்பார்கள். இவர்களின் தலைதான் சங்கத் தலைவர் அருளானந்தம். அறுபத்தெட்டு வயது. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் காவல் நின்ற கதையை டீ வருவதற்குள் தொடங்கி, டீ ஆறியபின் முடிப்பார். அவரை எல்லோரும் ஐயா என்று சொல்லாமல், பிரெஞ்சில் மிசியே என்று கூப்பிட வேண்டும். மறு பாதி, லாஸ்பேட்டைப் பக்கம் வீடு கட்டிக்கொண்ட உள்ளூர் அரசாங்க ஓய்வாளர்கள். இவர்களின் தலை அன்பழகன், ஓய்வு பெற்ற சப் இன்ஸ்பெக்டர். இரண்டு பாதியும் டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதில்கூட ஒத்துப்போனதில்லை. சந்திரகலாவுக்கு இரண்டு பாதியுமே ஆகாது. அதில் அவள் பாரபட்சம் காட்டியதில்லை.

சந்திரகலா வில்லியனூருக்கு உள்ளடங்கிய ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிட்ட குடும்பத்துப் பெண். களை எடுக்கப் பிடிக்காமல் பதினெட்டு வயதில், இயந்திரங்களை அனுப்ப மரப்பெட்டி செய்யும் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். பதினொரு வருஷம் பெட்டி அடித்தாள். ஒருநாள் லாரியில் ஏற்றும்போது பெட்டி விழுந்து உள்ளே இருந்த சாமான் நொறுங்கியது. ஏற்றினவன் கை தவறினது ஊருக்கே தெரியும். ஆனால் பெட்டி சரியில்லை என்று முடிவானது. "நான் அடிச்ச பெட்டி உடையாது சார்" என்றாள். "சாட்சி இருக்கா?" என்றார் மேனேஜர். இல்லை. உடைந்த பெட்டியை அதற்குள் டீக்கடை அடுப்புக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அன்றோடு வேலை போயிற்று. அதற்குப் பிறகு அவள் எந்தப் பேச்சையும் நம்பியதில்லை. பொருளை மட்டும் நம்பினாள்.

இந்த மனைக்குப் பெருக்குவதற்குத்தான் வந்தாள். அப்போதிருந்த ஸ்டாண்டுகள் ஆணி அடித்தவை. ஒரு குண்டு ஆணித் தலையில் பட்டுத் திரும்பி வந்து, சுட்டவரின் மூக்குக்கண்ணாடியையே உடைத்தது. அதைப் பார்த்துவிட்டு அவளாகவே ஸ்டாண்டுகளைப் பிரித்துப் போட்டாள். சவுக்குக் கழி, தேங்காய்நார்க் கயிறு. ஒரு ஆணி கிடையாது. முன்னால் ஓர் அட்டை, அதில் பேப்பரைக் குத்த வேண்டியது. அதற்கு ஒரு சாண் பின்னால் இன்னோர் அட்டை. ஒற்றை அட்டை என்றால் குண்டு நேரே போய் மண் மூட்டையைக் கிழித்தது, அதனால் இரண்டு. அட்டைக்கு எங்கே போவது என்று இந்த ஊரில் யாரும் கவலைப்பட வேண்டாம். மதுக்கடை வாசலில் காலிப்பெட்டி மலைமாதிரி கிடக்கும். பீர்ப் பெட்டி தொளதொளவென்று இருக்கும். பிராந்திப் பெட்டிதான் அவளுக்கு ஒத்துவரும்.

இந்த வருஷம் ஜூன் மாதம் அருளானந்தம் கட்டளை போட்டார். ஸ்டாண்டு ஆடுகிறது என்று இன்னும் ஒரே ஒரு புகார் வந்தால் சவுக்கு ஸ்டாண்டுகளைப் பிடுங்கிவிட்டு, தன் மச்சான் பட்டறையில் இரும்பு ஸ்டாண்டு செய்துவிடலாம். இரும்புக்குப் பராமரிப்பு வேண்டாம். ஆகவே சந்திரகலாவும் வேண்டாம்.

"இரும்புல பட்டா குண்டு உங்க நெத்திக்கே திரும்பி வரும் மிசியே."

"எனக்கா குண்டைப் பத்திச் சொல்ற?"

"குண்டுக்கு உங்களத் தெரியாதே. அதுக்குத்தான் சொல்றேன்."

வீட்டில் இதைச் சொன்னபோது கணவன் ராமலிங்கம், "கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கினு இரேன்" என்றான். அவள் முறைத்த முறைப்பில் அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினான்.

ஜூலை பதினாலு வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். காலையில் சொல்தாக்கள் கடற்கரை நினைவுச் சின்னத்தில் மரியாதை செலுத்திவிட்டு, மெடல் குத்திய கோட்டோடு மனைக்கு வருவார்கள். கோப்பைப் போட்டி. ஒரு மணிக்கு அருளானந்தத்தின் மனைவி லூர்துசெல்வி, வேனில் விருந்தாளிகளையும் பிரியாணியையும் ஏற்றிக்கொண்டு வருவாள்.

வந்ததும் வராததுமாக அருளானந்தம், நீலம் வெள்ளை சிவப்பு ரிப்பன் சுருளைச் சந்திரகலா கையில் கொடுத்து, ஆறு ஸ்டாண்டுகளின் தலையிலும் கட்டச் சொன்னார்.

"தலையிலதான நம்பர் எழுதியிருக்கு. மறைஞ்சிடுமே."

"எண்ணத் தெரியாதவன் எவனும் இங்க வர்றதில்ல. கட்டு."

கட்டினாள். நம்பர் மறைந்தது. ஸ்டாண்டுகள் ஆறும் கல்யாணத்துக்கு வந்த ஆறு மச்சினர்கள்போல ஒரே சாயலில் நின்றன.

ஆளுக்குப் பத்துக் குண்டு. ஆள் மாறும்போதெல்லாம் பேப்பரோடு இரண்டு அட்டையையும் சந்திரகலா புதிதாக மாற்றினாள். கடைசிச் சுற்றில் மூன்றாம் மேசையில் அன்பழகன், நாலாம் மேசையில் அருளானந்தம், ஐந்தாம் மேசையில் மெரின். மெரின், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அருளானந்தத்தின் சிபாரிசில் சேர்ந்தவள். ஸ்டாண்டை இழுத்துக் கட்டிய கயிற்றை ஷூவால் மிதித்துக்கொண்டே நடப்பாள் என்பதால் அவளையும் சந்திரகலாவுக்குப் பிடிக்காது. வெயில் மண்டையைப் பிளந்தது. நடுவில் அருளானந்தம் கோட்டைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், மெடலைத் துடைத்தார், திரும்ப வந்து சுட்டார்.

செயலாளர் இராமதாஸ் பேப்பர்களை உருவி எண்ணினார். ஓய்வு பெறும்வரை அலுவலகத்தில் எந்தக் கோப்பிலும் சொந்தக் கருத்து எழுதாதவர் என்று பெயரெடுத்தவர்.

"மிசியே, உங்க பேப்பர்ல ஒம்போது ஓட்டைதான் இருக்கு."

"பத்து சுட்டேன்."

இராமதாஸ் அடுத்ததை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். "எஸ்.ஐ. சார் பேப்பர்ல பதினொண்ணு இருக்கு."

"நான் பத்துதான் சுட்டேன்" என்றார் அன்பழகன். "ஆனா நட்டநடுவுல இருக்கு பாரு, அது என்னுது."

எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் ஆளாளுக்குப் பேப்பரை மறுபடி எண்ணத் தொடங்கினார்கள். வெளியே சொன்னால், பாலைவனத்தைக் காத்தவர் பக்கத்து வீட்டுப் பேப்பரைச் சுட்டார் என்று ஆகும். அதோடு, நடுவில் பட்டது அவருடைய குண்டாக இருந்தால் அன்பழகனின் எண்ணிக்கை இறங்கும். கோப்பை மெரினுக்குப் போகும். அருளானந்தம் ஸ்டாண்டை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஸ்டாண்டு ஆடியிருக்கு."

ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அன்பழகன் அவரோடு ஒத்துப்போனார். "ஆமா. நானே பார்த்தேன். மூணும் நாலும் சேந்து ஆடுச்சு. போட்டிய ரத்து பண்ணுங்க. அடுத்த மாசம் வச்சிக்கலாம்."

ஒரு ஸ்டாண்டு ஒரு குண்டை விழுங்க, பக்கத்து ஸ்டாண்டு அதைக் கக்கியது என்று படித்த மனிதர்கள் பதின்மூன்று பேர் நம்பத் தயாரானார்கள். "இரும்புக்கு நாளைக்கே சொல்லிடறேன்" என்றார் அருளானந்தம். பிறகு சந்திரகலாவைப் பார்க்காமலே, "இந்தாம்மா, உன் சாமானை எடுத்துக்க" என்றார்.

சந்திரகலா சாமானை எடுத்தாள். அவளுடைய சாமான் ஒரு தென்னந்துடைப்பம். அதிலிருந்து பதினொரு ஈர்க்குச்சிகளை உருவிக்கொண்டு மூன்றாம் ஸ்டாண்டுக்குப் போனாள். முன் அட்டையின் ஓட்டையில் ஒரு குச்சியை நுழைத்து, பின் அட்டையில் அதே குண்டு போட்ட ஓட்டை வழியாக வெளியே எடுத்தாள். இரண்டாவது. மூன்றாவது. பதினொன்றும் முடிந்தபோது ஸ்டாண்டு முள்ளம்பன்றிபோல நின்றது.

"எல்லாரும் இங்க வாங்க. மிசியே, நீங்களுந்தான்."

வந்தார்கள். பத்துக் குச்சிகள் நேராக மூன்றாம் மேசையைப் பார்த்தன. நட்டநடுவில் இருந்த பதினோராவது மட்டும் ஒருச்சாய்ந்து நின்றது. அதன் பின்முனை ஒரு விரற்கடை இடப்பக்கம் விலகியிருந்தது. முன்முனை வலப்பக்கமாக, நாலாம் மேசையில் தொங்கிய கோட்டைக் காட்டியது.

"ஸ்டாண்டு ஆடியிருந்தா பத்தும் சாஞ்சிருக்கணும். இது ஒண்ணுதான் சாஞ்சிருக்கு. அந்த மேசையில நின்னது யாரு?"

"குச்சி என்னா குச்சி, கோர்ட்டா இது?" என்றார் அன்பழகன்.

"நீங்க கேஸ் எழுதினப்ப இந்தக் குச்சிகூட வச்சதில்லன்னு ஊர்ல பேசிக்கறாங்க சார்."

சொல்தாக்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அருளானந்தம் திரும்பிப் பார்க்கவும் அது இருமலானது. மெரின் குச்சியை எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, அப்ப கப்பு எனக்கா? அங்கிள், எனக்கு வேணாம். அக்கா, என்னை ஏன் இதுல இழுக்கறீங்க?" என்றாள்.

"உனக்காகப் பண்ணல. கயித்துமேலேர்ந்து காலை எடு."

அருளானந்தத்தின் முகம் ரிப்பனின் மூன்றாவது நிறத்துக்கு வந்திருந்தது. "தலைவரை அவமானப்படுத்தின ஆளை வேலையை விட்டு நீக்கணும். எழுது இராமதாஸ்."

இராமதாஸ் பேனாவைத் திறந்தார், எழுதவில்லை. இரண்டு பாதியும் ஒன்றை ஒன்று நம்பாததால் அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: ஒரு பாதி முன்மொழிந்தால் மறு பாதிதான் வழிமொழிய வேண்டும். "வழிமொழியறது யாரு?" என்று அன்பழகனைப் பார்த்தார்.

அன்பழகனுக்கும் அவளை அனுப்பத்தான் ஆசை. நடு ஓட்டை போன எரிச்சல் வேறு. ஆனால், "என் பேப்பர்ல வந்து சுட்ட ஆளு சொல்றதுக்கு நான் வழிமொழியணுமா? வேணும்னா நான் முன்மொழியறேன். அவரு வழிமொழியட்டும்" என்றார்.

"இவனுக்கு நான் பின்பாட்டு பாடறதா?"

"பேப்பர் மாறிச் சுடறதுக்கு இது பரவால்ல."

இரண்டு பேருக்கும் ஒரே ஆசை. ஒருவருக்கு இன்னொருவர் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. சந்திரகலாவின் வேலை தப்பியது இப்படித்தான். நியாயத்தால் அல்ல என்பது அவளுக்கும் தெரிந்தது. அதில்தான் எரிச்சல் இன்னும் ஏறியது. மண் மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"நீக்கறத எழுதலல்ல. அப்ப ஸ்டாண்டு ஆடலன்னு எழுதுங்க. எழுதற வரைக்கும் குச்சியை எடுக்க மாட்டேன்."

"எடுக்காட்டிப் போ" என்றார் அருளானந்தம்.

"சரி. ஒரு மணிக்கு உங்க வீட்டம்மா வேன்ல வர்றாங்க. இன்னாடி இது குச்சின்னு கேப்பாங்க. சொல்றேன்."

இராமதாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால். தன் வாழ்நாளில் முதல்முறையாக, யாரும் சொல்லாமலே ஒரு வாக்கியத்தை எழுதி அன்பழகனிடம் நீட்டினார். அன்பழகன் பல்லெல்லாம் தெரிய முன்மொழிந்தார். கையெழுத்தைச் சாவகாசமாக, கீழே கோடு இழுத்துப் போட்டார். வழிமொழிவதற்காகப் புத்தகம் அருளானந்தத்தின் முன்னால் வந்து நின்றது.

அருளானந்தம் படித்ததெல்லாம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். தமிழ் பேசுவார், ஏசுவார்; வாசிக்க வராது. இதைச் சங்கத்தில் யாரும் சொல்லிக்காட்டியதில்லை. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பதோ பட்டாளத்தில் அவருக்குள் இறக்கிய பழக்கம். சாலைப் பக்கம் வேனின் ஹாரன் கேட்டது.

"படி" என்றார் இராமதாஸிடம், தாழ்ந்த குரலில்.

"மூன்றாம் எண் ஸ்டாண்டு ஆடவில்லை. நாலாம் மேசையில் நின்ற தலைவர் அவர்கள் மூன்றாம் பேப்பரைச் சுட்டுவிட்டார்கள்."

அருளானந்தம் பேனாவை வாங்கினார். பிரெஞ்சுக் காகிதங்களில் கையெழுத்துக்கு மேலே எழுதுகிற வாசகத்தைப் பழக்கதோஷத்தில் பிரெஞ்சிலேயே எழுதினார்: படித்தேன், ஒப்புகிறேன். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மேசைமேல் எறிந்தார். ஐஸ் கம்பெனியைச் சுற்றிக்கொண்டு வேன் உள்ளே வந்து நின்றது. பிரியாணி அண்டாவைப் பிடித்துக்கொண்டு லூர்துசெல்வி இறங்கினாள்.

சந்திரகலா மூட்டையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"காத்துல சரியாக் காதுல விழல சார்" என்றாள் இராமதாஸிடம். "இன்னொரு வாட்டி படிங்க. கொஞ்சம் சத்தமா."