தண்ணீருக்கு விட்டுவந்த இரண்டு கோயில்கள்

மேட்டூரில் அணை கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு எங்கள் ஊருக்கு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. காவிரிக் கரையில் இருந்த சின்ன ஊர் அது. ஆற்றோரம் சிவன் கோயில், முழுக்கக் கருங்கல். எந்த ராஜா கட்டியது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில், எங்கள் மாதா கோயில். இதைக் கட்டியவர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும்: என் கணவரின் முப்பாட்டன்மாரும் அவர்களுடைய பங்காளிகளும். ஆற்றங்கரையிலேயே செங்கல் சுட்டு, சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்து அரைத்து, இரண்டு கோபுரங்களோடு எழுப்பியிருந்தார்கள். என் கணவர் அந்தக் கோயிலின் உபதேசியார். வேளை தவறாமல் மணியடிப்பது, பிள்ளைகளுக்குச் செபம் சொல்லித் தருவது, பங்குச் சாமியார் வராத ஞாயிறுகளில் ஊரைக் கூட்டி மன்றாட்டு நடத்துவது, இவையெல்லாம் அவர் வேலை.

அளவெடுக்க வந்தவர்கள் ஒருநாள் கோபுரத்தில் ஏணி சாத்தித் தாரால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அந்த மட்டத்துக்குத் தண்ணீர் நிற்குமாம். மணி தொங்கும் சன்னலுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது கோடு. ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். பெருவெள்ளத்தில்கூடக் காவிரி எங்கள் கோயில் படியைத் தொட்டதில்லை. அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவார்கள் என்று கேட்டார்கள்.

அணை உயர உயரச் சிரிப்பு நின்றது. இரண்டு கோயில்காரர்களும் ஒன்றாகச் சேலத்துக்குப் போய் அதிகாரிகளைப் பார்த்தார்கள். ஊர் ஊராகத் தண்ணீரில் போகப்போகிறது, உங்கள் கோயிலை மட்டும் எப்படி விடுவது என்று அங்கே கேட்டார்களாம். கேட்டது நியாயம்தான் என்று என் கணவர் திரும்பி வந்து சொன்னார். நியாயம் என்று சொன்னவர் அன்று சாப்பிடவில்லை.

இதற்கிடையில் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தவழத் தொடங்கிய சமயத்தில் காய்ச்சல் கண்டு, வைத்தியர் வருவதற்குள் போய்விட்டது. மாதா கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில், சின்னக் குழந்தைகளுக்கென்று இருந்த வரிசையில் அடக்கம் செய்தோம். பெரியவர்களுக்குக் கல் நடுவார்கள். குழந்தைகளுக்கு மண்மேடும் ஒரு மரச் சிலுவையும்தான்.

ஊரைக் காலி செய்யச் சொன்னதும் எல்லோரும் எதைத் தூக்கிக்கொண்டு போவது என்ற பேச்சில் இருந்தார்கள். மாதா சுரூபம், மணி, கதவுகள், தேக்கு உத்தரங்கள். எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. கணவரிடம் கேட்டேன். அவர் சாமியாரிடம் கேட்டார். சாமியார் எங்கள் வீட்டுக்கே வந்தார். தோட்டம் முழுக்க எத்தனையோ தலைமுறை கிடக்கிறது, ஒன்றை எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும், வருவதற்குள் தண்ணீர் வந்துவிடும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். குழந்தை மோட்சத்தில் இருக்கிறது, மண்ணில் இல்லை என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

சிவன் கோயிலுக்குப் பூக்கட்டும் பண்டாரத்தின் மனைவி எனக்குச் சிநேகிதம். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாதா கோயில் திருவிழாவுக்கும் மாலை அவள் கையால்தான் வரும். அவர்கள் லிங்கத்தைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிய அன்று, கல் நந்தியையும் கொண்டுபோய்விட வேண்டும் என்று வடம் கட்டி இழுத்தார்கள். எங்கள் ஆட்களும் போய்த் தோள் கொடுத்தார்கள். மண்டபத்தைத் தாண்டுவதற்குள் வடம் அறுந்தது. வேறு வடம் கட்டினார்கள். அதுவும் அறுந்தது. பொழுது சாயும்போது நந்தியை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, “எங்க சாமி வண்டியேறிட்டாரு கண்ணு. அவரு மாடுதான் வரமாட்டேங்குது” என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுவாரம் மாதா கோயிலில் கை வைத்தார்கள். ஓடுகளும் உத்தரங்களும் இறங்கின. சுவரை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடப்பாரை போட்டால் தெறித்து விழுந்தது. கட்டியவர்களின் வம்சத்தாரே இடிக்க வந்து, முடியாமல், கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுவரும் கோபுரங்களும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம், யாரிடமும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். போய்ப் பார்த்தால் வரிசையே தெரியவில்லை. கூரை பிரித்தவர்கள் உடைந்த ஓடுகளையும் காரையையும் பின்பக்கமாகவே தள்ளியிருந்தார்கள். குழந்தைகளின் மேடுகளெல்லாம் அதற்கு அடியில் கிடந்தன.

நான் ஒவ்வொரு ஓடாக எடுத்து வீசிக்கொண்டிருந்ததை அக்கா எப்படியோ பார்த்துவிட்டு வந்தாள்.  அவளும் குனிந்து எடுக்க ஆரம்பித்தாள். வெயில் இறங்கும்வரை அள்ளினோம். கடைசியில் மூன்று மேடுகள் தெரிந்தன. சிலுவைகள் முறிந்து ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. மூன்றில் எது என்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அவளைப் பெற்றவள் நான், எனக்குத் தெரியவில்லை.

“உடு சாமி,” என்றாள் அக்கா. “மூணும் புள்ளைங்கதான். ஒண்ணுக்கொண்ணு தொணையா இருக்கட்டும்.”

மண்வெட்டி ஒருமுறைகூட மண்ணைத் தொடவில்லை. மூன்று மேட்டையும் கையால் தட்டிச் சரி செய்துவிட்டு வந்தோம்.

மேச்சேரிப் பக்கம் மேட்டுக்காட்டில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் பாய்ந்து வரும், இரைச்சல் கேட்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. கழுநீர் வாசலில் பரவுவதுபோல வந்தது. இன்று ஒரு வரப்பு, நாளை ஒரு கிணறு. என் கணவர் தினமும் போய்க் கரையில் நின்றுவிட்டு வருவார். படி போச்சு, வாசல் போச்சு என்று சொல்வார். ஒருநாள் சுவர்ச் சன்னலும் போச்சு என்றார். அதற்கப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

பண்டாரம் குடும்பத்துக்குப் புது இடத்தில் பிழைப்பு இல்லை. ஜலகண்டாபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் நூல் இழைக்கப் போய்ச் சேர்ந்தார்கள். அக்காவை அதன்பின் சந்தையில் ஒரே ஒருமுறை பார்த்தேன். பூ வாங்க மனசு வரமாட்டேன் என்கிறது என்றாள்.

சில வருஷம் கழித்து, மழையில்லாத ஒரு கோடையில் தண்ணீர் நன்றாக இறங்கியது. கோபுரங்கள் அடிவரைக்கும் தெரிகின்றன என்று சொன்னார்கள். என் கணவர் பரிசலில் போனார். சேற்றோடு திரும்பி வந்தவர், சுவரில் ஒரு விரிசல்கூட இல்லை என்று சொன்னார். நந்தி, வடம் அறுந்து விட்டுவந்த இடத்திலேயே இருக்கிறது என்றார்.

“ஏனுங்க, பின்பக்கம் போனீங்களா?” என்று கேட்டேன்.

அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். “அங்கெல்லாம் தண்ணி நின்னுச்சு” என்றார்.

கோபுரம் அடிவரைக்கும் தெரிந்தால் பின்பக்கம் மட்டும் எப்படித் தண்ணீர் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. உள்ளே போய்ச் சோறு எடுத்து வைத்தேன். மழை பிடித்ததும் எல்லாம் மறுபடி மூழ்கியது.