கும்பிடுக்கு விழுந்த கைதட்டல்

துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல் வந்த அன்று, உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் என் ஏழு வயது மகள் முதன்முதலாக வெளியாருக்கு முன்னால் பரதம் ஆட நின்றாள். மிதிக்கப்போகும் நிலத்திடம் மன்னிப்புக் கேட்டு, வழக்கப்படி அதைத் தொட்டுக் கும்பிட்டாள். ஆட்டமே முடிந்துவிட்டதென்று நினைத்த பயணிகள் பலமாகக் கைதட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். கலையைத் தேடிக் கடல் கடந்து வந்தவர்களுக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது.

“அம்மா, நான் இன்னும் ஆடேல்லையே.”

மனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார். “பரவாயில்லை அக்கா, அவையளுக்கு இது காணும். பிள்ளையைப் படத்துக்கு நிக்கச் சொல்லுங்கோ.”

மறுத்தால் மரியாதையாக இராதோ என்று யோசித்தேன், நிற்க வைத்தேன். இறால் தின்ற கையை ஒரு பெண்மணி அவள் தோளில் போட்டுக்கொண்டாள். தடுக்காததற்கு இன்னும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

வாகனத் தரிப்பிடத்தில் சலங்கையைக் கழற்றக் குனிந்தபோது மகள் காலை இழுத்துக்கொண்டாள்.

“கும்பிட்டிட்டன் அம்மா. இனி ஆடாமல் போக ஏலாது.”

நான் ஜதி சொன்னேன். அவள் முழுவதும் ஆடி, நிலத்தைத் திரும்பவும் தொட்டுக் கும்பிட்டாள். ஒருவரும் கைதட்டவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.