அப்பா கழற்றிய டை

அந்தப் பள்ளிக்கூடத்துத் துணை அதிபரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இப்போது ஓய்வுபெற்று எங்கேயாவது கோல்ஃப் ஆடிக்கொண்டிருப்பார். ஆடட்டும். ஒரு பந்தும் குழியில் விழாமல் போகட்டும்.

அப்போது நாங்கள் மெல்பேணின் புறநகரான நோபிள் பார்க்கில் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. நகரத்துக்குள் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பழைய கிராமர் பள்ளிக்கூடம் ஒன்று புலமைப்பரிசில் நேர்முகத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தது. பரிசில் கிடைக்காவிட்டால் அந்த வாசலை மிதிக்கவும் எங்களுக்கு வக்கில்லை. நாங்கள் போருக்குத் தப்பிப் படகில் வந்த குடும்பம். அப்பாவுக்குத் தற்காலிக விசா, கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை.

யாழ்ப்பாணத்து ஆண்கள் எதை விட்டுக்கொடுத்தாலும் படித்த பள்ளிக்கூடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கடல் தாண்டி வந்தும் ஆளுக்கொரு பழைய மாணவர் சங்கம், வருடாந்த இராப்போசனம், தலைவர் பதவிக்கு அடிதடி. சங்கம் கொடுத்த டை ஒன்று அப்பாவிடம் இருந்தது. கருநீலத்தில் பொன்னிறக் கோடு. வேறு டை அவரிடம் இல்லை. இருந்தாலும் அன்றைக்கு அதைத்தான் கட்டியிருப்பார்.

நேர்முகத்துக்கு முன் பெற்றோரையும் பிள்ளைகளையும் மண்டபத்தில் இருத்தி, துணை அதிபர் பள்ளிக்கூடத்தின் வரலாற்றைச் சொன்னார். இங்கிலாந்தின் பழம்பெரும் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்த பாதிரியார் ஒருவர் கப்பலேறி வந்தாராம். ஆட்டுப்பட்டியாகக் கிடந்த நிலத்தில் அத்திவாரம் போட்டாராம். தான் படித்த பள்ளிக்கூடத்தின் நிறங்களையே இதற்கும் வைத்தாராம்.

அப்பா கதிரையில் நிமிர்ந்தார். அவர் படித்த யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்தைக் கட்டிய பாதிரியாரும் அதே இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். அவரும் அதே நிறங்களைத்தான் கொண்டுவந்திருந்தார். அங்கேதான் அப்பா பிழைவிட்டார். சொந்தக்காரரைக் கண்டுவிட்டதாக நினைத்துவிட்டார். பேச்சு முடிந்ததும் முன்னால் போய்க் கை நீட்டி, நாங்கள் சகோதரப் பள்ளிக்கூடங்கள், எங்களுடையது இதைவிடப் பழையது என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னார். போரில் ஷெல் விழுந்து தங்கள் பள்ளிக்கூட மண்டபத்துக் கூரை போனதையும் சொன்னார்.

துணை அதிபர் கையைக் கொடுத்தார். கண் மட்டும் டையிலேயே நின்றது. இந்த டையை இங்கே படிப்பவர்களும் படித்தவர்களும்தான் கட்டலாம், மற்றவர்கள் குழம்பிவிடுவார்கள், உள்ளே போகுமுன் கழற்றிவிட முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். என்ன கொழுப்பு! அந்த நிறம் இவருடைய பாட்டன் காய்ச்சிய சாயமா? தான் இரவல் சீலையில் கொய்யக மடிப்பு வைத்துக் கட்டிக்கொண்டு, அடுத்தவரைக் களவாணி என்கிற வேலை அது.

“கழட்டாதேங்கோ,” என்றார் அம்மா. “இது எங்கட பள்ளிக்கூடத்து டை எண்டு சொல்லுங்கோ.”

“சும்மா இரும். பிள்ளையின்ர அலுவல்,” என்ற அப்பா முடிச்சை இழுத்தார். டையைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். சட்டையின் மேல் பொத்தானை மட்டும் கழற்றவில்லை.

நேர்முகம் முடிந்ததும் அம்மா காரில் வெடித்தார். “அறுவான், அவனும் அவன்ர பள்ளிக்கூடமும்! நீங்கள் ஏன் வாயை மூடிக்கொண்டு நிண்டனீங்கள்?”

அப்பா காரைக் கிளப்பினார். பின் சீட்டிலிருந்த எனக்கு இந்தச் சண்டையே விளங்கவில்லை. சட்டமென்றால் சட்டம்தானே, ஒரு டையைக் கழற்றினால் என்ன குறைந்துபோகும் என்றிருந்தது.

பரிசில் கிடைத்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளும் டை கட்ட வேண்டும். கருநீலத்தில் பொன்னிறக் கோடு. எனக்குக் கட்ட வராது என்று, வேலைக்குப் போகுமுன் அப்பாவே கட்டிவிடுவார். சமைத்துக்கொண்டிருக்கும் அம்மா குசினியிலிருந்து எட்டியும் பார்க்கமாட்டார். அப்பா முடிச்சை இறுக்கி, கொலரை மடித்துவிட்டு, ஒவ்வொரு நாளும் ஒன்றையே சொல்லுவார்.

“ஆர் சொன்னாலும் கழட்டாதை.”

சீருடை ஒழுங்கைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, “ஓகே, அப்பா” என்றுவிட்டு நான் பஸ்ஸுக்கு ஓடுவேன்.