இரண்டாம் தரம் கேட்காத கேள்வி

யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஒரு நண்டுக் கொம்பனி இருக்கிறது. கீழே சதை பிரிக்கிறவர்கள் எண்பது பேர், அத்தனை பேரும் பெண்கள். மேல்மாடியில் மனேச்சர்மார் இருக்க நாலு கதிரை, நாலிலும் ஆம்பிளைகள். என் மருமகள் பெர்னடெட் பதினாறு வயதில் கீழே போய் இருந்தவள். இருபத்திரண்டு வருடத்தில் மாடிப்படி வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் ஏறாமல் போனதில் என் வாய்க்கும் பங்குண்டு. அதனால் நானே சொல்லுகிறேன்.

நண்டைக் கையில் தூக்கிய உடனேயே எவ்வளவு சதை வரும் என்று சொல்லிவிடுவாள். ஐஸ் அறை பழுதானால் மெக்கானிக்குக்கு முதல் அவளைத்தான் தேடுவார்கள். வெளிநாட்டுக்காரர் வந்தால் இங்கிலிஷில் விளக்கம் சொல்வதும் அவள். பிறகு மேலே கூட்டம் நடக்க, தேத்தண்ணி கொண்டுபோவதும் அவள். டினேஸ் நாலு வருடத்துக்கு முதல் வேலைக்கு வந்தபோது, ஆண் நண்டு எது, பெண் நண்டு எது என்று காட்டிக் கொடுத்ததும் அவளேதான்.

போன வருடம் பெரிய மனேச்சர் ஓய்வு பெற்றார். பெர்னடெட் அந்த இடத்தைக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். ஒரு புதன்கிழமை பின்னேரம் முதலாளி ஆழ்வாப்பிள்ளை ஒரு சீப்புக் கதலியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ, தம்பி?"

"வேண்டாம் அம்மா, இப்பதான் குடிச்சனான்."

"சும்மா ஒரு வாய் குடியுங்கோவன்."

குடித்தார். முதல் தரம் வேண்டாம் என்பது எங்கள் பக்கத்து மரியாதை. இரண்டாம் தரம் கேட்பதும் மரியாதைதான்.

"பெர்னடெட்டை மனேச்சராப் போடுவம் எண்டு யோசிக்கிறன். மாதத்திலை ரெண்டு தரம் கொழும்புக்குப் போகவேண்டிவரும். வீட்டிலை என்ன மாதிரி?"

உள்ளுக்குள் எனக்குக் கோயில் மணி அடித்தது. ஆனாலும் பாய்ந்து விழலாமா?

"நான் என்னத்தைச் சொல்லுறது, தம்பி? மகன் கடலாலை வரட்டும். அவனைக் கேட்டுத்தானே சொல்லவேணும்."

இன்னொரு தரம் கேட்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

மகன் எமில்ராஜ் வந்ததும் சிரித்தான். "உதுக்கென்ன கேள்வி, அம்மா? போகட்டுமன்!"

அடுத்த நாள் பெர்னடெட் கொம்பனிக்குப் போனபோது டினேஸுக்கு மனேச்சர் வேலைக்கான கடிதம் கொடுத்து முடிந்திருந்தது. "மாமிக்கு விருப்பமில்லைப் போலை. குடும்பத்துக்குள்ளை ஏன் கரைச்சல் எண்டு விட்டிட்டன்" என்றாராம் முதலாளி.

நான் நேரே அவரிடம் போனேன். "நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லையே, தம்பி."

"ஓம் எண்டும் சொல்லேல்லையே, அம்மா."

"பெர்னடெட் அண்டைக்கு உங்கடை கொம்பனிக்குள்ளைதானே நிண்டவள். அவளைக் கேட்டிருக்கலாமே. சரி, டினேஸின்ரை தாயிட்டைப் போய்க் கேட்டனியளோ?"

"அவன் ஆம்பிளைப் பிள்ளை. அவனுக்கு ஆரைக் கேக்கிறது?"

டினேஸுக்கு முப்பத்து மூன்று வயது. அவன் ஓய்வு பெறும்போது பெர்னடெட் வேலையை விட்டே கனகாலம் ஆகியிருக்கும். இப்போதும் ஒவ்வொரு பின்னேரமும் அவள்தான் அவனுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறாள்.

என்னை ஒரு நாளும் ஏசியதில்லை. ஒரே ஒரு தரம், மீன் வெட்டிக்கொண்டிருந்தபடி, தலை நிமிராமல் சொன்னாள்:

"நீங்கள் என்ன செய்வியள், மாமி? நானும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்."